மனைவியின் ரத்தம் உதவாது

அந்த அக்கா முதன்முதலில் என் மேசைக்கு வந்தபோது உட்காரக்கூட இல்லை. நின்றபடியே ஜாக்கெட் கையை மேலே சுருட்டி, இடது கையை என் முன்னால் நீட்டினார். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. உள்ளங்கை தடித்து, விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. சேலைக் கரை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. வேலை முடிந்து நேராக வருகிறார் என்பது ஆள் வருவதற்கு முன்பே மீன் வாசனையில் தெரிந்துவிட்டது. "எவ்ளோ வோணுமோ எட்த்துக்க நைனா. அந்தப் பொணம் எங்க வூட்டுக்காரர்தானான்னு மட்டும் பாத்துச் சொல்டு" என்றார். நான் சிரித்துவிட்டேன். விவரம் தெரிந்தவன் விவரம் தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. "மனைவி ரத்தம் இதுக்கு உதவாதுக்கா. அவரோட ரத்த சொந்தம் யாராவது வேணும்" என்று சொல்லி, படிவத்தில் மாதிரி எடுக்க வேண்டியவர் என்ற கட்டத்தில் அவர் பெயருக்கு நேராக ஒரு கோடு இழுத்தேன். ஸ்கேல் வைத்து இழுத்தேன். எனக்கு அப்போது எல்லாவற்றிலும் அப்படி ஒரு நறுவிசு.

"இருவத்தெட்டு வருசம் ஒண்ணா சோறு துன்னுகீறோம். இன்னுமா ரத்தம் ஒட்டல?" என்று கேட்டார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சுருட்டிய கையை இறக்கிவிட்டுக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். இதை எழுத உட்கார்ந்த இந்த நிமிடத்திலும் அந்தக் கோட்டை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்வதற்காகப் பெரிய ரகசியம்போல் வைத்திருக்கப் போவதில்லை. போகப் போகத் தெரிந்துவிடும். தெரியாமல் போனது எனக்குத்தான்.

பெயர் தெரியாத பிணங்களுக்குப் பெயர் தேடுகிற ஒரு திட்டத்தில் வேலை செய்கிறேன். எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து ராயபுரம் வரைக்கும் கடல் ஒதுக்குகிற உடல்கள், தண்டவாள ஓரத்தில் கிடைக்கிற உடல்கள், லாரி அடித்துப்போட்ட உடல்கள் எல்லாம் கொஞ்ச நாள் பிணவறையில் காத்திருக்கும். யாரும் வராவிட்டால் ஒரு பல்லையும் ஒரு எலும்புத் துண்டையும் ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டு, ஓர் எண்ணைப் போட்டுப் புதைத்துவிடுவார்கள். வெளிநாட்டில் இந்த வேலை சுலபமாம். தங்கள் வம்சம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் எச்சிலைத் துப்பி அனுப்பி வைத்தவர்கள் அங்கே ஏராளம். இறந்தவரின் டிஎன்ஏவை அந்தக் குவியலோடு ஒத்துப்பார்த்தால் ஏதாவது ஒரு தூரத்துச் சொந்தம் சிக்கும். அங்கிருந்து குடும்ப மரத்தை வரைந்துகொண்டே போய் ஆளைப் பிடித்துவிடுவார்கள். நம்மிடம் அந்தக் குவியல் இல்லை. அதனால் நாங்கள் தலைகீழாகப் போனோம். ஆளைக் காணோம் என்று வருகிறவர்களின் குடும்ப மரத்தை முதலில் வரைவோம். அதில் உயிரோடு இருக்கிற சொந்தங்களைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய டிஎன்ஏவைப் பிணத்தின் டிஎன்ஏவோடு ஒத்துப்பார்ப்போம். மரம் வரைவதுதான் என் வேலை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் என்றால் குறுக்கே ஒரு கோடு, கல்யாணத்துக்குப் படுக்கைக் கோடு, பிள்ளைக்கு இறங்கு கோடு. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவன் ஏசி அறையில் உட்கார்ந்து ஊர் வம்சத்தையெல்லாம் வரைகிறானே என்று என்னை நானே மெச்சிக்கொண்ட காலம் அது.

அக்காவின் கணவர் துறைமுகத்தில் சரக்குக் கப்பலின் அடித்தளத்தைக் கழுவுகிற ஒப்பந்தக் கூலி. கப்பல் இல்லாத ஒரு மழை நாளில், தூண்டில் போட்டுவிட்டு வருகிறேன் என்று எண்ணூர்ப் பக்கம் போனவர் திரும்பி வரவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து முகத்துவாரத்தில் ஓர் உடல் ஒதுங்கியது. பார்த்துச் சொல்ல முகம் இல்லை. அக்கா புகார் கொடுத்தது ஒரு போலீஸ் ஸ்டேஷன், உடல் ஒதுங்கியது இன்னொரு ஸ்டேஷனின் எல்லை. இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் போனால் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத் தூரத்தைச் சேதி கடந்து வருவதற்குள் உடல் மண்ணுக்குள் போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஐஸ் வாங்க வந்த ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் அக்காவுக்கே தெரியும்.

அக்கா இருக்கிற திருவொற்றியூர்க் குப்பத்தில் கடலுக்குப் போய் வராதவர்களுக்குக் கரையிலேயே பாலூற்றிக் காரியத்தை முடித்துவிடுவார்கள். அக்காவையும் அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அவர் முடியாது என்றுவிட்டார். "கடல்ல பூட்டவங்களுக்குக் கடல்ல ஊத்தலாம். இவரு மண்ணுல கீறாரு. எந்த மண்ணுன்னு நீ காட்டிட்டா, அதுல ஊத்திட்டு நான் பாட்டுக்கு என் வேலையப் பாத்துகினு பூடுவேன்" என்று என்னிடம் சொன்னார். அவர் கேட்டது அவ்வளவுதான். அந்த எண் போட்ட குழியில் இருப்பது அவருடைய மனிதர்தானா? ஆமாம் என்றால் அந்த இடத்தில் ஒரு சொம்பு பால். மனு நிலுவையில் இருக்கும்வரை அந்தக் குழியைத் தொடக் கூடாது என்று மயானத்துக்கு ஒரு கடிதம் போக வேண்டும் என்பது விதி. அன்றே நான் டைப் அடித்து எங்கள் ஆய்வக மேடத்திடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். அந்த ஒரு காரியத்தை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.

பிறகு மரம் வரைய உட்கார்ந்தேன். கணவரின் அப்பா, அம்மா? இரண்டு பேரும் இல்லை. பிள்ளைகள்? இரண்டு பிறந்து தங்கவில்லை. கூடப் பிறந்தவர்கள்? ஒரே ஒரு அக்கா, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். படிவத்தில் அதற்கு மேல் கட்டம் இல்லை. நடுவில் கணவருக்கு ஒரு சதுரம், அவருக்கு இடது பக்கம் இறந்துபோன அக்காவுக்கு ஒரு வட்டம், அதன்மேல் குறுக்குக் கோடு. வலது பக்கம் ஒரு படுக்கைக் கோடு இழுத்து மனைவிக்கு ஒரு வட்டம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேடம் அதைப் பார்த்துவிட்டு, "நெருங்கின சொந்தம் யாருமே உயிரோட இல்லையா? சரி, அப்பா வழி ஆம்பளைங்களைத் தேடுங்க" என்றார். அப்பனிடமிருந்து மகனுக்கு மாறாமல் இறங்குகிற ஓர் அடையாளம் டிஎன்ஏவில் உண்டு. ஒரு பங்காளி கிடைத்தால் அதை வைத்துப் பார்க்கலாம். நான் மரத்தை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போனேன். தாத்தா, தாத்தாவின் தம்பி, அவர் பிள்ளைகள் என்று சதுரமாக அடுக்கினேன். வட்டங்களின் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

மாதம் ஒருமுறை அக்கா வந்துவிடுவார். வாசலில் காவலாளி மூக்கைச் சுளித்தால், "இன்னா, கலீஜா கீதா? நீ துன்ற மீனு இத்தொட்டுத்தான் கெடாம வருது" என்று ஈர முந்தானையை அவர் பக்கமாகவே உதறிவிட்டு உள்ளே வருவார். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "இன்னா நைனா, உன் மரம் காய்ச்சுதா?" இல்லை என்று சொல்ல எனக்கு எரிச்சலாக இருக்கும். அவர்மேல் இல்லை, ஆனால் முகத்தில் காட்டியது அவரிடம்தான். ஒருநாள் வேலை நெருக்கடியில், "சும்மா சும்மா வந்தா மட்டும் ரிசல்ட் வந்துடுமாக்கா? போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து நின்று, "போனுல நீ இல்லன்னு சட்டுனு சொல்டுவே. நேர்ல வந்தா கொஞ்சம் தயங்குவே. அந்தத் தயக்கத்துக்குத்தான் வரேன்" என்றார். அதற்குப் பிறகு போன் பண்ணச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

கணவருடைய சித்தப்பா மகன் ஒருவர் மீஞ்சூர் தாண்டி ஒரு குப்பத்தில் இருப்பது ஓராண்டு அலைந்தபின் தெரிந்தது. ரயிலில் மீஞ்சூர் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஒடுங்கிக்கொண்டு போனேன். முதல் தடவை, "ரத்தத்த குடுத்துட்டு நாளைக்கு எந்தக் கேசுல போயி மாட்டிக்கிறது?" என்று கேட்டுவிட்டு வலையைப் பிரிக்கப் போய்விட்டார். ரத்தம்கூட வேண்டாம், கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் ஒரு தடவை தடவினால் போதும் என்று அவருடைய முதுகிடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் தடவை அவருடைய மனைவி, அவர் கடலுக்குப் போயிருக்கிறார் என்றார். உள்ளே அவர் இருமுகிற சத்தம் கேட்டது. மூன்றாம் தடவை அக்காவும் கூட வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "வெளிய வாய்யா! உன் பெரியப்பன் புள்ளைய நம்பர் போட்டுப் பொதச்சு வச்சுகீறாங்க. நீ வாயத் தொறக்கறதுக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா? சோத்துக்குத் தொறக்கற வாய்தானே, ஒரு நிமிசம் தொறயேன்!" தெருவே கூடிவிட்டது. அந்த மனிதர் வெளியே வந்து, தலையைக் குனிந்துகொண்டு வாயைத் திறந்தார். திரும்பி வரும்போது ரயிலில் அக்கா எனக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். காரியம் முடிந்துவிட்டது என்றே இரண்டு பேரும் நினைத்தோம்.

முடிவு வர இன்னும் பல மாதம் ஆயிற்று. வந்த காகிதத்தில் இருந்தது இதுதான்: உறுதிப்படுத்தவும் இயலவில்லை, மறுக்கவும் இயலவில்லை. பங்காளியின் அடையாளம் பிணத்தோடு ஒத்துப்போயிருந்தது. ஆனால் அக்காவின் குப்பத்திலேயே காணாமல்போன இன்னொருவருடைய தூரத்துப் பங்காளிக்கும் அதேபோல் ஒத்துப்போயிருந்தது. தலைமுறை தலைமுறையாக நாலைந்து குப்பத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். எல்லோருக்கும் எல்லோரும் ஏதோ ஒரு வழியில் சொந்தம், ஒரே பாட்டன் வழி வந்த ஆண்களே பல வீட்டில். இதை விளக்கி நான் மேடத்துக்கு இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்புகூட எழுதினேன். நம் பக்கத்தில் சொந்தத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் இருப்பதால் இந்த முறையில் குழப்பம் வரும் என்று பெரிய மேதாவிபோல எழுதியிருந்தேன். மேடம் பாராட்டினார். அந்தக் குறிப்பை எழுதிய கைக்கு, எதிரில் உட்கார்ந்திருந்த பெண்மணியிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டிய ஆள் அவர் ஒருத்தர்தான்.

அந்தக் காகிதத்தைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வீட்டுக்கே போனேன். ஒற்றை அறை. கட்டிலில் என்னை உட்காரவைத்துவிட்டு டீ போட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு டம்ளரை என் கையில் கொடுத்தார். சும்மா இருக்க முடியாமல் நான் சுவரைப் பார்த்தேன். பிளாஸ்டிக் மாலை போட்ட ஒரு பெண்ணின் படம், அதன்மேல் சின்னச் சிவப்பு பல்பு.

"மாமியாராக்கா?" என்று கேட்டேன். பேச்சை மாற்றத்தான் கேட்டேன்.

"மாமியா படம் ஏது? அந்தக் காலத்துல யாரு புடிச்சாங்க. இது எங்க அம்மா."

"உங்க அம்மாவா?"

"ஆமா. அவருக்குக் கூடப்பொறந்த அக்கா. தன் தம்பிக்கே என்னியக் கட்டி வச்சுட்டுப் போயி சேந்துச்சு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, டீ சுட்டுடுச்சா?" என்றார்.

என் தாளில் இடது பக்கம் குறுக்குக் கோடு போட்டு நான் மூடிவைத்த வட்டம் அந்தப் படத்தில் இருந்தது. அந்த வட்டத்திலிருந்து இறங்க வேண்டிய கோடு, நான் வலது பக்கம் மனைவி என்று போட்ட வட்டத்துக்கு நேராக வந்து சேர்ந்திருக்க வேண்டும். அவர் அந்த மனிதருக்கு மனைவி ஆவதற்கு முன்னால் அக்கா மகள். பிணத்தின் டிஎன்ஏவோடு ஒத்துப்பார்க்க உலகத்தில் உயிரோடு இருந்த மிக நெருங்கிய ரத்தம் அவருடையதுதான். அதைத்தான் முதல் நாளே என் மேசைமேல் நீட்டினார். நான் கோடு போட்டு அனுப்பினேன்.

"இத ஏங்க்கா இத்தனை நாளா சொல்லல?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. யார்மேல் கோபப்படுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"நீ கேக்கலியே. பொண்டாட்டி ரத்தம் உதவாதுன்னு நீதானே சொன்னே. படிச்சவன் சொல்றியேன்னு வுட்டுட்டேன்." தன் டம்ளரில் டீயை ஊற்றிக்கொண்டே, "தாய்மாமனக் கட்டிக்கினது இன்னா ஊர்ல இல்லாத அதிசயமா? போறவன் வர்றவன்கிட்ட சொல்றதுக்கு?" என்றார்.

அவர் சொன்னது சரி. என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். என் தங்கையையே எங்கள் கடைசி மாமாவுக்குக் கேட்டு, அவள் அழுது அடம்பிடித்ததால் விட்டார்கள். எங்கள் ஹவுசிங் போர்டில் மாடிக்கு இரண்டு வீட்டில் இப்படித்தான். படிவத்தைத் தயாரித்தவர்களுக்கு இந்த யோசனை வரவில்லை, சரி. மரம் வரையும் அந்தக் கம்ப்யூட்டர் புரோகிராம் வேறு தேசத்தில் செய்தது, அதற்கும் தெரியாது, சரி. எனக்குமா தெரியாது? நாலு வருடம் பட்டப்படிப்பு, மூன்று மாதம் பயிற்சி எல்லாம் சேர்ந்து என் வீட்டுக் கல்யாண ஆல்பத்தையே எனக்கு மறக்கடித்திருந்தது. திங்கட்கிழமை மேடத்திடம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என் தாளை வாங்கிப் பார்த்தார். "எங்க அம்மாவும் தாய்மாமாவைத்தான் கல்யாணம் பண்ணாங்க. எனக்கும் தோணலையே" என்றார். அவர்மேல் கோபப்படவும் வழி இல்லாமல் போயிற்று.

இத்தோடு முடிந்திருந்தால் ஏதோ தாமதம் என்று ஆற்றிக்கொண்டிருப்பேன். அக்காவைக் கம்ப்யூட்டரில் அக்கா மகள் என்று ஏற்றப்போனால் திரை சிவந்தது. ஒரே நபர் இரண்டு இடத்தில் இருக்கிறார், சரிபார்க்கவும் என்றது. சரிபார்த்துத்தான் ஏற்றுகிறேன் என்று அதனிடம் எப்படிச் சொல்வது? மனைவி என்று பதிவானவரிடமிருந்து மாதிரி எடுக்க அது விடவே இல்லை. தலைமை அலுவலகத்துக்கு எழுதினோம். பழைய மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டு, அக்கா மகள் என்ற முறையில் புது மனு போடலாம் என்று பதில் வந்தது. மனைவி என்ற முறையில் நான் அளித்த மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று நானே டைப் அடித்து நீட்டினேன். அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். "பொண்டாட்டின்னு வந்தேன், தள்ளிட்டீங்க. இப்ப பொண்டாட்டி இல்லன்னு கையெய்த்துப் போட்டாத்தான் உள்ள வுடுவீங்களா? நல்லா கீதுய்யா உங்க ஆபீசு" என்றார். திட்டிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். பிறகு வாயைத் திறந்தார். பஞ்சுக் குச்சியால் தடவி எடுக்கப் பத்து விநாடிகூட ஆகவில்லை. "இவ்ளோதானா?" என்று கேட்டார். நான் குச்சியைக் குப்பியில் போட்டு மூடுவதிலேயே கவனமாக இருப்பதுபோல் நடித்தேன்.

புது மனு என்றால் புது எண், புது எண் என்றால் வரிசையில் கடைசி. எட்டு மாதம் காத்திருந்தோம். முடிவு வந்தபோது மேடமே என் மேசைக்கு எடுத்துக்கொண்டு வந்தார். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் இடையில் எவ்வளவு ஒத்துப்போக வேண்டுமோ அவ்வளவு ஒத்துப்போயிருந்தது. பங்காளியின் முடிவையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. அன்று மத்தியானம் நானே காசிமேட்டுக்குப் போனேன். அக்கா ஐஸ் பாளத்தின்மேல் சுத்தியலை ஓங்கியபடி நின்றார். அவர்தான்கா என்று சொன்னேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்று வருடமாக என் முன்னால் அழாதவர், அந்த இரைச்சலில், மீன் கூடைகளுக்கு நடுவில் குந்திக்கொண்டு வாய்விட்டு அழுதார். கூட வேலை செய்கிற பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். எனக்கும் அழுகை வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

மறுநாள் காலையில் மயானத்துக்குப் போனோம். அக்கா குளித்து, கஞ்சி போட்ட சேலை கட்டி, ஒரு சொம்பில் பாலும் ஒரு முழம் பூவும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அன்று அவரிடம் மீன் வாசனையே இல்லை. மயானக்காரர் பதிவேட்டைப் புரட்டி எண்ணைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். பிறகு எங்களை மதில் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நீளமாகக் கையைக் காட்டினார். அந்த வரிசை முழுவதும் புது மண். புது எண்கள்.

"இந்த வரிசையத் திருப்பி நாலு மாசம் ஆவுது. எடம் இல்லம்மா. பழசை எட்த்துட்டுப் புதுசு போட்டுடுவோம்" என்றார் அவர்.

"தொடக் கூடாதுன்னு லெட்டர் குடுத்திருந்தோமே" என்றேன்.

அவர் அறைக்குப் போய் ஃபைலைக் கொண்டுவந்து காட்டினார். என் கடிதம் இருந்தது. அதன்மேல் இன்னொரு காகிதம் பின் பண்ணியிருந்தது. மனு திரும்பப் பெறப்பட்டது. நான் டைப் அடித்ததன் நகல்தான். பழைய மனு போனதும் அதற்காகப் போட்ட கடிதமும் போய்விட்டது. புது மனுவுக்குப் புதுக் கடிதம் போட்டிருக்க வேண்டும். பழைய கடிதமே தொடரும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, நினைவே இல்லை.

அக்கா சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்து பார்த்தார். திரும்பி வந்தார். மயானக்காரர் நல்ல மனதோடுதான் சொன்னார்: "எல்லாம் ஒரே மண்ணுதாம்மா. எங்கயாச்சும் ஓரமா ஊத்திட்டுக் கும்புட்டுப் போ."

"எங்கயாச்சும் ஊத்தறதுக்கா இத்தினி வருசம் நடந்தேன்?" என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. "எங்கயாச்சும்னா அன்னிக்கே கடல்ல ஊத்தி இருப்பனே."

பாலை ஊற்றவில்லை. பூவையும் போடவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். கன்டெய்னர் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரிசையாகப் போயின. அவர் முந்தானையால் சொம்பின் வாயை மூடிக்கொண்டார். கடிதத்தைப் பற்றி, முதல் நாள் போட்ட கோட்டைப் பற்றி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "என்னைத் திட்டுங்கக்கா" என்று கேட்டேன். கேட்பதற்கே அசிங்கமாக இருந்தது. அதிலும் என் பாரத்தை இறக்கிக்கொள்ளத்தானே பார்த்தேன்.

"திட்டினா அந்த எடம் வந்துருமா?" என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டார். நான் ஏறவில்லை.

அதற்குப் பிறகு அவர் எங்கள் அலுவலகத்துக்கு வரவில்லை. வர வேண்டிய காரியமும் இல்லை. அவருக்கு ஒரு சான்று அனுப்பினோம். இறந்தவர் இன்னார், அடையாளம் காட்டியவர் இன்னார், உறவு: அக்கா மகள். மனைவி என்ற சொல் அந்தக் காகிதத்தில் எங்கேயும் கிடையாது. அதைத் திருத்தச் சொல்லி எழுதியதற்கு, உறவு என்ற இடத்தில் ஒரே ஒரு உறவைத்தான் குறிப்பிட முடியும் என்று பதில் வந்தது. படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லியும் மூன்று முறை எழுதிவிட்டேன். பரிசீலனையில் உள்ளதாம். திரை இன்றைக்கும் சிவக்கிறது.

அதனால் நான் வாயாலேயே கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்காரரைக் காணோம் என்று வந்து உட்காருகிற ஒவ்வொரு பெண்ணிடமும், ஊரும் பேரும் விசாரிப்பதற்கு முன்னால், கல்யாணத்துக்கு முன்பு அவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்கிறேன். சிலர் வெட்கப்படுகிறார்கள். சிலர் இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று முறைக்கிறார்கள். அத்தை பையன் என்கிறார்கள், தாய்மாமன் என்கிறார்கள், சொந்தமெல்லாம் இல்லை சார், அசல்தான் என்கிறார்கள். சொல்லி முடிக்க அவர்களுக்கு அரை நிமிடம்கூட ஆவதில்லை.